அன்பு இருக்கட்டும், மணித்தியாலத்துக்கு எவ்வளவு?



தீபாவளிக்கும் நத்தாருக்கும் இடைப்பட்ட வாரங்களில் அப்டன் பார்க், ஈஸ்ட்ஹாம் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான செய்தி திரும்பத் திரும்ப வரும். "ஓடர் எடுக்கிறம். பயத்தம் பணியாரம், சீனி அரியதரம், அச்சுப் பலகாரம், நானகத்தான், ரிச் கேக். வெள்ளிக்கு முதல் சொல்லுங்கோ." அனுப்புவது அநேகமாக ஒரு பெண்ணாகத்தான் இருக்கும். கீழே வரும் பதில்களும் பழகியவை. "அக்கா, கொஞ்சம் குறைச்சுத் தாங்கோவன்." "கடையில இதைவிட மலிவு." "எங்கட ஆக்கள் எண்டு பாத்துப் போடுங்கோ."

இந்த மூன்று பதில்களையும் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும். பலகாரம் சுடுவது வேலை. காசுக்குச் சுட்டால் அது கூலிவேலை, வீட்டுக்குச் சுட்டால் கூலியில்லாத வேலை. அமேசன் களஞ்சியத்தில் வேலை செய்பவரின் மணித்தியாலக் கூலியைப் பற்றி மணிக்கணக்காகக் கதைக்கிற நாங்கள், பக்கத்து வீதி அக்காவின் மணித்தியாலத்தை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ணிப் பார்ப்போம். பயத்தம் பணியாரம் என்றால் பயற்றை வறுத்து, கோது நீக்கி, மாவாக்கி, அரிக்க வேண்டும். தேங்காய்ப்பூவை ஈரம் போக வறுக்க வேண்டும். சீனிப்பாகு பதம் தப்பினால் எல்லாம் வீண். பிறகு மிளகு, சீரகம், ஏலம் சேர்த்துச் சூட்டோடு சூடாக உருட்டி, மாவில் தோய்த்து, எண்ணெயில் போட்டு எடுக்க வேண்டும். கடைசியில் பெட்டியில் அடுக்கி, குசினியைக் கழுவி, எண்ணெய் மணம் போக யன்னலைத் திறந்து வைப்பதும் இதே வேலைதான். ரிச் கேக்கின் கதை இன்னும் நீளம். முந்திரிகை வற்றல், சுல்தானா, கஜு, பூசணிப்பாகு, சௌசௌ, இஞ்சிப்பாகு எல்லாவற்றையும் பொடியாக வெட்டி, பிராண்டியில் ஊறவிட்டு, ரவையைப் பட்டரோடு சேர்த்து, குறைந்த சூட்டில் மணித்தியாலக்கணக்கில் வேகவைத்து, ஆறிய பிறகு துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தாளில் சுற்ற வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு 100 பணியாரம், 5 மணித்தியாலம் என்று வைப்போம். 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான சட்டபூர்வக் குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 12.21 பவுணாக இருந்தது. 5 மணித்தியாலத்துக்கு 61 பவுண் ஆகிறது. பயறு, தேங்காய், சீனி, எண்ணெய்க்கு 14 பவுண், காஸுக்கும் பெட்டிக்கும் 5 பவுண் என்று போட்டால் மொத்தம் 80 பவுண். ஒரு பணியாரம் 80 பென்ஸ். அதையே 40 பென்ஸுக்குக் கொடுத்தால் செலவு போக அவவுக்கு மிஞ்சுவது 21 பவுண், மணித்தியாலத்துக்கு 4.20. இதற்கும் மேல் "கொஞ்சம் குறையுங்கோ" என்று கேட்கும்போது எதைக் குறைக்கச் சொல்கிறோம்? பயற்றின் விலையைக் கடைக்காரன் குறைக்கப் போவதில்லை. குறைவது அவவின் கூலி மட்டும்தான்.

துண்டுக்கு இவ்வளவு என்று விலை பேசினால் மணித்தியாலம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். கிழக்கு லண்டனுக்கு இது புதிய கதை இல்லை. நூறு வருடத்துக்கு முதல் இதே கிழக்கு லண்டன் வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் தீப்பெட்டி ஒட்டினார்கள், சட்டை தைத்தார்கள். கூலி துண்டுக் கணக்கு, வேலைத்தலம் குசினி மேசை. 1906இல் 'டெய்லி நியூஸ்' பத்திரிகை அந்த வேலைகளை லண்டனில் ஒரு கண்காட்சியாகவே வைத்து மேற்தட்டு மக்களுக்குக் காட்டியது. 1909இல் வந்த தொழில் சபைச் சட்டம், உடுப்புத் தையல், கடதாசிப் பெட்டி, லேஸ், சங்கிலி ஆகிய நான்கு தொழில்களில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க வழி திறந்தது. சட்டம் வந்தும் சங்கிலி முதலாளிகள் கூலியைக் கொடுக்காமல் இழுத்தடிக்க, 1910இல் கிரேட்லி ஹீத் பெண்கள் வேலைநிறுத்தம் செய்துதான் அதை வாங்கினார்கள். வீட்டுக்குள் இருந்து வேலை செய்பவர்களை ஒன்றுசேர்க்க முடியாது என்று சொல்பவர்களுக்கு அந்தப் பெண்கள் நல்ல பதில். அவர்களில் பலர் வீட்டோடு சேர்ந்த சிறு பட்டறைகளில் உழைத்தவர்கள்.

"சொந்தத் தொழில்தானே, நல்லதுதானே" என்று சிலர் சொல்வார்கள். ஊரில் இந்தப் பாட்டைக் கேட்டு அலுத்துவிட்டது. 2009க்குப் பிறகு வடக்கு கிழக்கில் கணவனை இழந்த பெண்களுக்கு நிறுவனங்கள் கொடுத்த மருந்து 'சுயதொழில்'. மிக்ஷர் செய்யுங்கோ, முறுக்கு சுடுங்கோ, கோழி வளருங்கோ. வாங்குவதற்குக் கையில் காசுள்ள சனம் இல்லாத ஊரில் எல்லோரும் முறுக்கு சுட்டால் யாருக்கு விற்பது? பின்னால் நுண்கடன் கொம்பனிகள் வந்தன. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு போட வேண்டிய நிலைக்கு 2018இல் இலங்கை அரசாங்கமே வந்தது என்றால், அதற்கு முதல் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 'தொழில்முனைவர்' என்ற பட்டம் பல நேரங்களில் முதலாளி இல்லாத கூலியாளுக்கு நாங்கள் வைத்த செல்லப் பெயர்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். வீட்டிலிருந்து ஒழுங்காக உணவு விற்பவர், தொடங்குவதற்கு 28 நாளுக்கு முதல் உள்ளூர்க் கவுன்சிலில் பதிய வேண்டும். பதிவு இலவசம், அதை மறுக்கவும் முடியாது. வரி ஆண்டில் 1,000 பவுண் வரையான மொத்த வருமானத்துக்கு வரிச்சலுகை உண்டு. ஆனால் யுனிவர்சல் கிரெடிட் எடுப்பவருக்கு அந்தச் சலுகை செல்லாது. அங்கே முதல் பவுணில் இருந்தே சொல்ல வேண்டும். இந்த வித்தியாசத்தை யாரும் தமிழில் விளங்கப்படுத்தாததால் மாட்டுப்படுவது ஆகக் குறைந்த வருமானம் உள்ளவர்கள்.

கவுன்சில்காரர் வந்து குசினியைப் பார்ப்பது எங்கள் சனத்துக்குப் பயம். அதற்காக ஒழுங்குவிதியை எதிரியாக்கத் தேவையில்லை. 2016இல் நடாஷா எட்னன் லப்பரூஸ் என்ற 15 வயதுப் பிள்ளை இறந்தது, வாங்கிய பாணில் எள்ளு இருப்பது உறையில் எழுதப்படாததால். அந்தப் பிள்ளையின் பெயரால்தான் 2021 ஒக்ரோபரில் புதிய சட்டம் வந்தது. எங்கள் பலகாரத் தட்டை ஒருக்கால் பாருங்கள்: எள்ளு, கஜு, கச்சான், பால், முட்டை, கோதுமை. சட்டம் சொல்லும் 14 ஒவ்வாமைப் பொருள்களில் ஆறு அதில் இருக்கின்றன. என்ன சேர்த்தது என்று எழுதி ஒட்டுவது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் பாதுகாப்பு. அதை எழுதவும் ஒட்டவும் செலவாகும் நேரம் விலைக்குள் வர வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

பதியவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். மாணவர் விசாவில் வந்தவர் சுயதொழில் செய்யக்கூடாது. தஞ்சம் கேட்டவர் 12 மாதம் காத்திருந்த பிறகுதான் வேலை அனுமதி கேட்கலாம், அதுவும் குறிப்பிட்ட பட்டியலில் உள்ள வேலைகளுக்கு. 2024இல் சொந்தமாகச் சமைத்துச் சாப்பிடும் தஞ்சக் கோரிக்கையாளருக்கு வாரம் 49.18 பவுண் உதவித்தொகை. இப்படியானவருக்கு "பேசாமல் செய்து தாங்கோ, நான் வித்துத் தாறன்" என்று நடுவில் நிற்கும் ஆள் எங்கள் சமூகத்தில் குறைவில்லை. மாட்டினால் விசா போவது அவருக்கு, லாபம் போவது இவருக்கு. இதையும் 'உதவி' என்றுதான் சொல்கிறோம்.

'வீட்டுப் பலகாரம்' என்று சொல்ல முதலில் வீடு வேண்டும், குசினி வேண்டும். இங்கிலாந்திலேயே தற்காலிக இருப்பிடங்களில் குடும்பங்கள் மிக அதிகமாக உள்ள பகுதிகளில் நியூஹாமும் ஒன்று. வெஸ்ட்ஹாம் கழகம் 2016இல் பொலின் மைதானத்தை விட்டுப் போன பிறகு அந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. ஒற்றை அறைக்குள் நான்கு பேர் இருக்கும் குடும்பத்துக்கு அவண் எங்கே, மா இடிக்க இடம் எங்கே?

இவ்வளவும் காசுக்குச் செய்வதைப் பற்றி. குடும்பத்துக்குச் செய்வதைப் பற்றி ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 1972இல் செல்மா ஜேம்ஸ், மரியரோசா டல்லா கோஸ்டா, சில்வியா ஃபெடரிச்சி போன்றோர் 'வீட்டுவேலைக்குக் கூலி' இயக்கத்தைத் தொடங்கியபோது பல இடதுசாரி ஆண்கள் சிரித்தார்கள். 2023 செப்டெம்பரில் தமிழ்நாட்டு அரசு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கி, அதற்கு மகளிர் 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தது. தொகை சிறிது. ஆனால் உதவி என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னது பெரிய விசயம். எங்கள் வீடுகளில் பெருநாளுக்கு முதல்நாள் இரவு அடுப்படியில் நிற்பவர் யார், சுட்டதைச் சாப்பிட்டுவிட்டு "அம்மான்ர கைப்பக்குவம் வராது" என்று மார்க் போடுபவர் யார்?

"எல்லாத்தையும் காசாக்கப் பாக்கிறியள். பலகாரம் அன்பில குடுக்கிறது" என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. தீபாவளிக்கு நாங்கள் கொடுத்த தட்டு நத்தாருக்குக் கேக்கோடும் பெருநாளுக்கு வட்டிலப்பத்தோடும் திரும்பி வரும். வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுப்பது எங்களிடம் வழக்கமில்லை. அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு விலைச்சீட்டு ஒட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. ஓடர் கொடுத்து வாங்கும்போது மட்டும் அன்பை நினைவுபடுத்தி விலை குறைப்பவரின் தட்டு ஒருநாளும் திரும்பி வராது. அதுதான் என் பிரச்சினை.

என்ன செய்யலாம்? இந்த இடத்துக்கு நல்ல முன்னுதாரணங்கள் இருக்கின்றன. அப்டன் பார்க்கில் இருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் நாலு ஸ்டேசன் தள்ளி போ. அங்கே 1914இல், யுத்தம் தொடங்கி விலைவாசி ஏறியபோது, சில்வியா பாங்கர்ஸ்டும் தோழிகளும் அடக்கவிலைச் சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். பெண்களுக்கு ஒழுங்கான கூலியோடு ஒரு பொம்மைத் தொழிற்சாலையும் நடத்தினார்கள். ஸ்டேசனுக்குப் பக்கத்தில் இருக்கும் குயின்ஸ் மார்க்கெட்டை இடித்து அஸ்டாவும் மாடிக்கட்டடமும் கட்ட வந்த திட்டத்தை வியாபாரிகளும் வாடிக்கையாளர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். 2006இல் அஸ்டா விலகியது, 2009இல் லண்டன் மேயர் திட்டத்தை நிராகரிக்கச் சொன்னார். பயறும் தேங்காயும் மலிவாகக் கிடைக்கும் அந்தச் சந்தை இன்னும் நிற்பது போராடியதால்.

ஆகவே மூன்று முன்மொழிவு. ஒன்று, ஓடர் எடுக்கும் பெண்கள் சேர்ந்து ஒரு பொது விலைப்பட்டியல் போடட்டும். ஒருவரைக் காட்டி மற்றவரின் விலையைக் குறைக்க அப்போது முடியாது. இரண்டு, கோயில், தேவாலய, சமூக மண்டபக் குசினிகள் வாரநாள்களில் பூட்டிக் கிடக்கின்றன. ஒன்றைப் பொதுவாகப் பதிந்து, கூட்டுறவாகப் பயன்படுத்தக் கேட்போம். வீட்டில் அவண் இல்லாதவர்களும் அப்போது பிள்ளைகளோடு வந்து தங்கள் பெருநாளுக்குச் சுடலாம். மூன்றாவது எங்களுக்கு. மே தினம், நூல் வெளியீடு, நினைவுகூரல் எதுவென்றாலும் "ரோல்ஸும் கேக்கும் அக்காமார் செய்து தருவினம்" என்று கூட்டக் குறிப்பில் எழுதுகிறோம். மண்டபத்துக்குக் காசு கட்டுகிறோம், ஒலிபெருக்கிக்குக் கட்டுகிறோம். அடுத்த கூட்டத்தின் வரவுசெலவில் பலகாரத்துக்கும் ஒரு வரி போடுவோம், மணித்தியாலக் கணக்கில். சம்மதமோ இல்லையோ, இந்த மடலுக்குப் பதில் எழுதுங்கள். விலை கேட்டு மட்டும் எழுத வேண்டாம்.