பெரட்டு மணி இல்லாத அறை

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்ட லயத்தில் வளர்ந்தவன் நான். பக்கத்து வீட்டார் இருமினால்கூட பலகைச் சுவர் வழியே கேட்கும். விடியுமுன் பெரட்டு மணி அடித்தால் தோட்டமே எழுந்துவிடும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடுமே! இன்று அங்கே ரப்பர் இல்லை, செம்பனைதான்.

முதுகலைக்காகக் கோலாலம்பூரில் தனி அறை எடுத்தபோதுதான் அந்த மணியின் அருமை தெரிந்தது. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் துரைமார் மூவர் கொல்லப்பட்டதையும், அவசரகாலம் வந்ததையும் எல்லா நூல்களும் சொல்கின்றன. அன்று லயத்தில் இருந்தவர்களின் கதையே என் ஆய்வு. தலைப்பு நல்லதுதான். ஆனால் எழுப்ப ஆளில்லை. விடியற்காலை நான்குக்குப் படுப்பேன். மேகி மீயே சாப்பாடு. ஈப்போவுக்கு மின்ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம்தான். ஆயினும் நான்கு மாதங்கள் போகவில்லை. “எப்பய்யா முடியும்?” என்று அம்மா கேட்பாரே!

நம் சங்கங்கள் புதுமுக மாணவர்களை மாலையிட்டு வரவேற்கின்றன. முதுகலை மாணவர்களை மட்டும் ‘பெரியவர்கள், பார்த்துக்கொள்வார்கள்’ என்று விட்டுவிடுகிறோம். இது தவறு என்பேன். முழுதாகத் தனித்து வாழ்வது அவர்கள்தாம்.

என்னைக் காப்பாற்றியவர் பொறியியல் படிக்கும் ஓர் அண்ணன். சனிக்கிழமைதோறும் நூலகத்தில் ஒரே மேசையில் அமர்வோம். பேச்சில்லை. பத்து மணிக்கு எழுதியதைக் காட்ட வேண்டும். பத்து வரியானாலும் சரி. இதைச் சங்கமே நடத்தலாம். மண்டபமும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

காலை எட்டுக்குத் தொடங்குகிறோம். மேசையில் இன்னும் நான்கு நாற்காலிகள் காலி.