உடலைக் கேட்பவர்கள் முதலில் நம்பிக்கையைத் தரவேண்டும்

இறந்தவரின் உடலைக் கேட்டு வருவோரை எந்தக் குடும்பமும் எளிதில் நம்புவதில்லை. நம்பவேண்டிய கடப்பாடும் அக்குடும்பத்துக்கு இல்லை. ஆகவே, மரணத்தின் பின் உடலையோ உறுப்பையோ வேண்டி நிற்கும் எந்த இயக்கத்துக்கும் மக்களின் நம்பிக்கையே முதல் மூலதனமாகும். 1960களில் அமெரிக்காவிலும் இலங்கையிலும் தலையெடுத்த இரு இயக்கங்களின் வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது.

அமெரிக்க இயக்கம், இறந்தவரின் உடலைத் திரவ நைதரசனில் உறையவைத்து, எதிர்கால மருத்துவம் அதனை உயிர்ப்பிக்கும் எனக் காத்திருப்பது. 1967 ஜனவரியில் முதலாவது உடல் இவ்வாறு உறையவைக்கப்பட்டது. ஆனால், கலிபோர்னியாவின் சாட்ஸ்வர்த் மயானத்து நிலவறையில் வைக்கப்பட்டிருந்த ஒன்பது உடல்கள், பராமரிப்புக்குப் பணமின்றிக் கைவிடப்பட்டு அழிந்துபோனமை 1979இல் அம்பலமானது. உறவினர்களுக்கு உரிய வேளையில் உண்மை சொல்லப்படவில்லை. உயிர்ப்பித்தல் சாத்தியம் என்பதற்குச் சான்றும் இல்லை. பாதுகாப்பதாகச் சொன்னவர்களின் வாக்கும் பொய்த்தது. அரை நூற்றாண்டு கடந்தும் உலகில் இவ்வாறு உறையவைக்கப்பட்டோர் சில நூறு பேரே.

மற்றையது நமது நாட்டின் கண்தான இயக்கம். 1958இல் மருத்துவ மாணவராக இருந்த ஹட்சன் சில்வா, இறந்த பின் கண்களைத் தானம் செய்யுமாறு பத்திரிகைக் கட்டுரை மூலம் வேண்டுகோள் விடுத்தார். தமது தாயார் மறைந்தபோது அவரது கண்களையே தானமாகப் பெற்றார். 1961இல் கண்தானச் சங்கம் உருவானது. 1964இல் பனிக்கட்டி இட்ட குடுவையில் முதற்கண்கள் சிங்கப்பூர் சென்றன. 1996இல் காலமான முன்னாள் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் கண்கள் ஜப்பானில் பார்வை தந்தன. இலங்கையின் கண்களை மிக அதிகமாகப் பெற்ற நாடுகளின் முன்வரிசையில் பாகிஸ்தான் இருப்பது குறிப்பிடத்தக்கது. கொடுத்தவரின் மதமோ பெற்றவரின் மதமோ இதற்குத் தடையாகவில்லை.

ஒன்று தேங்கியதற்கும் மற்றையது தழைத்ததற்கும் காரணம் என்ன? கண்தான இயக்கம் தன் வீட்டிலிருந்து தொடங்கியது. மக்களின் சமய உணர்வோடு மோதாமல், தானம் எனும் அறத்தோடு இணைந்து சென்றது. தானத்தின் பயனை மக்கள் கண்ணாரக் கண்டனர்.

இவ்வியக்கம் மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களில் ஆழ வேரூன்ற வேண்டுமானால், அண்மைக்கால ரணமொன்றைக் கடந்து செல்ல முடியாது. 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி, கொவிட் தொற்றினால் இறந்தோரின் உடல்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. நல்லடக்கம் செய்யலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தும் அது பொருட்படுத்தப்படவில்லை. பிறந்து இருபதே நாளான சிசுவின் உடல்கூடப் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியிலேயே அவ்விதி மாற்றப்பட்டது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் 3,600க்கும் மேற்பட்ட உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. அவர்களுள் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அதே மண்ணில் உறங்குகின்றனர். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

அது தொற்றுநோய்க் காலம், இதனோடு அதற்கென்ன தொடர்பு எனச் சிலர் கேட்கலாம். ஜனாஸாவுக்காக வைத்தியசாலை வாசலில் காத்துநின்று வெறுங்கையுடன் திரும்பிய குடும்பத்துக்கு அந்த வேறுபாடு புலப்படாது. அதே அரசு, அதே பிணவறை. அங்கிருந்து வரும் வேண்டுகோளை அக்குடும்பம் ஐயத்துடன் நோக்கினால் அதனை அறியாமை என இகழ்வது நியாயமாகாது.

சமயம் குறுக்கே நிற்கின்றது என்பதும் முழு உண்மையல்ல. 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி, நிபந்தனைகளுடன் உறுப்பு மாற்றத்தை அனுமதித்தது. மூளைச்சாவு பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை மறைக்காது பேசுவதே முறை. எனினும் கண்தானத்துக்கு அவ்விவாதம் தேவையில்லை. இருதயம் நின்ற பின்னர் சில மணி நேரத்துக்குள் விழிவெண்படலத்தை எடுத்துவிடலாம்; முகம் சிதைவதில்லை; அடக்கம் தாமதிப்பதுமில்லை. கண்ணப்ப நாயனாரைப் போற்றும் சைவ மக்களுக்குக் கண்ணைக் கொடுப்பதன் மேன்மையை எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

ஆகவே செய்யவேண்டியது என்ன? 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம் சம்மதத்தை அடிப்படையாகக் கொண்டது. அச்சம்மதம் கையொப்பத்தோடு முடியும் சடங்காகிவிடக் கூடாது. மறுக்கும் குடும்பத்தின் மறுப்பும் மதிக்கப்பட வேண்டும். எடுக்கப்பட்ட கண்கள் பயன்பட்டனவா என்பது குடும்பத்துக்கு அறிவிக்கப்பட வேண்டும். வெளிநாட்டவருக்கான சிறுநீரக மாற்றச் சிகிச்சையை 2016இல் அரசு இடைநிறுத்த நேர்ந்தமை, வறியவரின் உறுப்பு விலைபோகும் அபாயத்தை உணர்த்தியது. அத்தகைய கறை படிந்தால் எந்தப் பிரசாரமும் எடுபடாது.

தமிழ்நாட்டில் 2008இல் விபத்தில் மூளைச்சாவடைந்த மகனின் உறுப்புகளை மருத்துவர்களான பெற்றோர் தானம் செய்தமை பெரும் விழிப்புணர்வை ஏற்படுத்தியது. உறுப்புத் தானம் செய்வோரின் இறுதிச் சடங்கு அரச மரியாதையுடன் நடைபெறும் என 2023இல் அம்மாநில அரசு அறிவித்தது. இறந்தவரை மதிக்கும் அரசுக்கே உயிரோடிருப்போர் செவிசாய்ப்பர்.

இங்கு ஒற்றுமையும் இன்றியமையாதது. கல்முனை நகரில் இரு ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. ஒன்று தமிழருக்கு, மற்றொன்று முஸ்லிம்களுக்கு என்றே மக்கள் பேச்சில் அவை பிரிந்து கிடக்கின்றன. கண்தானமும் அவ்வாறு இனவாரியாகப் பிரிந்தால் அது தொடங்கும் முன்னரே தோற்றுவிடும். உலமாக்களும் ஆலய அறங்காவலர்களும் மதகுருமாரும் வைத்தியர்களும் ஒரே மேடையில், ஒரே விளக்கத்தை, காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் ஒருசேரச் சொல்ல முன்வர வேண்டும்.

மஜ்மா நகரில் நான்கு மதத்தவரையும் அருகருகே கிடத்தியது மரணமும் அரச ஆணையும். உயிரோடிருக்கும்போதே, எவரது ஆணையுமின்றி, ஒருவர் கண்ணால் மற்றவர் உலகைக் காணும் நிலையை உருவாக்குவது நமது கைகளிலேயே உள்ளது.