பிச்சாவரத்தில் மரம் நட்டால் மட்டும் போதுமா? எந்தத் தாயின் பிள்ளை என்றும் பார்க்கணும்!

பிச்சாவரம் என்றதும் படகு, செல்ஃபி, ‘இதயக்கனி’ படம் என்றுதான் பலருக்கும் ஞாபகம் வரும். கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்குப் பக்கத்தில், வெள்ளாறும் கொள்ளிடமும் கடலைத் தொடும் இடங்களுக்கு நடுவே இருக்கிறது இந்த அலையாத்திக் காடு. 2022-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. 2023-ல் மத்திய அரசு அறிவித்த ‘மிஷ்டி’ திட்டத்துக்குப் பிறகு, நாடு முழுக்க அலையாத்தி நடவு வேகம் எடுத்திருக்கிறது.

நல்ல விஷயம்தான். ஆனால் நடவு பற்றிய செய்திகளில் பெரும்பாலும் ஒரே கேள்விக்குத்தான் பதில் இருக்கும்: எத்தனை கன்று நட்டார்கள்? அந்தக் கன்றுகள் எந்த மரங்களிலிருந்து வந்தன என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது. பிச்சாவரத்துக்கு இந்த இரண்டாவது கேள்விதான் ரொம்ப முக்கியம். ஏன்?

குட்டி போடும் மரம்

படகில் போகும்போது, கால்வாய் ஓரத்தில் வளைந்த வேர்களை ஊன்றி நிற்கிறதே, அதுதான் சுரபுன்னை. தாவரவியல் பெயர் ரைசோஃபோரா. பொதுவாக விதை மண்ணில் விழுந்த பிறகுதான் முளைக்கும். சுரபுன்னையில் அப்படி இல்லை. விதை தாய் மரத்திலேயே முளைத்து, பல மாதங்கள் தாயிடமே உணவு வாங்கி, முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்கும். முற்றியதும் விழும். சேறு கிடைத்தால் வேர் விடும், இல்லையென்றால் மிதந்து வேறு இடம் தேடிப் போகும். உப்பு நீரில் விதை முளைப்பது கஷ்டம் என்பதால், பிள்ளையை வளர்த்தே அனுப்புகிறது மரம்.

நடவு செய்பவர்களுக்கு இது பெரிய வசதி. காயைப் பொறுக்கி நேராகச் சேற்றில் குத்திவிடலாம். சிக்கலும் இங்கேதான் தொடங்குது. கைக்கு எட்டும் நாலைந்து மரங்களில் மட்டும் பொறுக்கினால், நடுகிற ஆயிரம் கன்றும் அந்த நாலைந்து தாய்களின் பிள்ளைகள்தான். சுரபுன்னைப் பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒன்றாகவே இருக்கும். தன் மகரந்தத்தாலேயே அது கருவுறவும் முடியும்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால் என்ன ஆகும் என்று டாக்டர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். இருவரிடமும் ஒரே மரபணுக் குறை மறைந்திருந்தால், பிள்ளையிடம் அது வெளிப்படும் வாய்ப்பு கூடும். மரத்துக்கும் இதே கணக்குதான். ஃபுளோரிடா, கரீபியன் பகுதிகளில் உள்ள ஒரு ரைசோஃபோரா இனத்தில், சில மரங்கள் பச்சையமே இல்லாத காய்களை உருவாக்குகின்றன. தாய் சோறு போடும்வரை அவை உயிரோடு இருக்கும். விழுந்த பிறகு சொந்தமாகச் சமைக்க வழியில்லாமல் செத்துவிடும்.

ஆண் தில்லை, பெண் தில்லை

சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. அந்தப் பெயரைக் கொடுத்ததும், நடராஜர் கோயிலின் தல விருட்சமாக இருப்பதும் தில்லை மரம். இதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தில்லைவனம் என்று சொல்லப்படும் ஊரைவிட, இன்று பிச்சாவரத்தில்தான் இதைக் காட்டு மரமாகப் பார்க்க முடியும்.

இதில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. பனையைப் போல. பூக்கும்வரை எது ஆண், எது பெண் என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு திட்டில் நாலு தில்லை மட்டும் நட்டு, நாலும் ஆணாகப் போனால் அங்கே விதையே வராது. எண்ணிக்கைப்படி திட்டம் வெற்றி, காட்டுக்கு அடுத்த தலைமுறை இல்லை!

டிஎன்ஏ டெஸ்ட் எடுத்த மரம்

பிச்சாவரத்தில் ஒரு சுரபுன்னை வகை, ஆய்வாளர்களைக் கொஞ்ச காலம் குழப்பியது. ஏற்கெனவே தெரிந்த ஒரு கலப்பினத்தின் பெயரில் அது அழைக்கப்பட்டது. ஆனால் அந்தக் கலப்பினத்தின் பெற்றோரில் ஒன்று பிச்சாவரத்திலேயே இல்லை. அப்படியென்றால் இது யார் பிள்ளை?

அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே. கதிரேசன், 1995-ல் இதைத் தனியாக விவரித்து, பல்கலைக்கழகத்தின் பெயரால் ‘ரைசோஃபோரா அண்ணாமலயானா’ என்று பெயர் வைத்தார். 1997-ல் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் டிஎன்ஏ ஒப்பீட்டை வெளியிட்டார்கள். மனிதர்களில் பெற்றோர் யார் என்று கண்டுபிடிக்கிற அதே தத்துவம்தான். விடை கிடைத்தது: ரைசோஃபோரா ஏபிகுலேட்டா, ரைசோஃபோரா மியூக்ரோனேட்டா. பிச்சாவரத்திலேயே அக்கம்பக்கமாக நிற்கும் இரண்டு சுரபுன்னைகள்!

ஆனால் இந்தப் பிள்ளைக்குக் குடும்பம் பெருகாது. கோவேறு கழுதை மாதிரி. பூக்கும், ஆனால் மகரந்தம் பெரும்பாலும் மலடு. காய் பிடிப்பது மிக அரிது. ஆக, இந்த மரம் புதிதாக வர வேண்டுமென்றால், இரண்டு பெற்றோரும் மறுபடி ஒரே இடத்தில் பூத்து, மகரந்தம் மாற வேண்டும். பெற்றோரில் ஒன்றை மட்டும் வரிசையாக நட்டுக்கொண்டே போனால், அந்த வாய்ப்பும் குறையும்.

‘ஏதோ ஒரு மரம் வந்தா போதாதா?’

நியாயமான கேள்வி. பிச்சாவரத்தில் முன்பு பல பத்தாண்டுகள் மரங்களை மொத்தமாக வெட்டியதால், நிலம் தாழ்ந்து, தண்ணீர் தேங்கி, உப்பு ஏறியது. 1990-களில் வனத்துறையும் சுவாமிநாதன் நிறுவனமும், ஊர் மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கடல் நீர் வந்து போக வழி செய்தார்கள். அங்கே அதிகம் நட்டது வெண்கண்டல். அதிக உப்பைத் தாங்கும் மரம் என்பதால், அன்றைக்கு அது சரியான முடிவு.

ஆனால் அவசர சிகிச்சை வேறு, நிரந்தர உணவு வேறு. வெப்பம், உப்பு, பூச்சி எல்லாமே மாறிக்கொண்டிருக்கும் கடற்கரையில், ஒரே மாதிரி மரபணு உள்ள காடு ஒரே அடியில் விழலாம். பலவகை இருந்தால் சிலதாவது தாக்குப்பிடிக்கும். 2004 சுனாமியில் இந்தக் காடு எத்தனை உயிரைக் காத்தது என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. மீனும் இறாலும் நண்டும் இங்கே வளர்வதில் விவாதமே இல்லை. அதை நம்பித்தான் சுற்றியுள்ள மீனவக் குடும்பங்களின் அடுப்பு எரியுது.

இன்னொன்றும் இருக்கிறது. வெண்கண்டலின் மரபணுவை நெல்லில் செலுத்தி, உப்பைத் தாங்குகிறதா என்று சுவாமிநாதன் நிறுவனம் ஆய்வகத்தில் சோதித்தது. அது இன்னும் வயலுக்கு வரவில்லை. மரபணு மாற்று நெல் வேண்டுமா என்பது தனி விவாதம். எப்படியிருந்தாலும், கடல் நீர் ஏறும் டெல்டாவுக்கு இந்தக் காடு ஒரு மரபணு வங்கி. வங்கியில் ஒரே நோட்டை ஆயிரம் முறை ஜெராக்ஸ் எடுத்து வைத்தால் சேமிப்பு கூடாது.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு தேவையில்லை. காய்களைப் பல இடங்களில், பல தாய் மரங்களில் சேகரிக்கலாம். எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று நாற்றங்காலிலேயே எழுதி வைக்கலாம். தில்லையை ஒன்றிரண்டாக நடாமல் கூட்டமாக நடலாம். அண்ணாமலயானா மரங்களை அடையாளமிட்டு, அவற்றைச் சுற்றியுள்ள பெற்றோர் மரங்களையும் சேர்த்துப் பாதுகாக்கலாம். இதற்கான நிபுணர்கள் தூரத்தில் இல்லை. பரங்கிப்பேட்டையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது.

முக்கியமாக, நடவு முடிந்த அன்றைய எண்ணிக்கையோடு கணக்கை மூடக் கூடாது. சில வருடம் கழித்து எத்தனை பிழைத்தன, எத்தனை வகை, எத்தனை காய்த்தன என்று அரசு பொதுவில் சொல்ல வேண்டும். அடுத்த முறை ‘ஒரு லட்சம் கன்று’ என்று செய்தி வந்தால், எந்தத் தாய் மரங்களின் கன்று என்று கமென்ட்டில் ஒரு வரி கேட்டுப் பாருங்களேன்.