"மூச்சை இழுத்துவிட்டுப் பேசுடா!"

வீட்டுக்கு வந்த விருந்தாளி பையனிடம் பெயர் கேட்கிறார். முதல் எழுத்திலேயே அவனுக்குச் சிக்கிக்கொள்கிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? "மூச்சை நல்லா இழுத்துவிட்டு மெதுவாச் சொல்லுடா!" என்கிறோம். அக்கறையில்தான் சொல்கிறோம். ஆனால், அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்வதே அவன் வாயைக் கட்டிப்போடுகிறது.

ஏன் தெரியுமா? நாம் பேசுவது மூச்சை வெளியே விடும்போதுதான். நெஞ்சு முட்ட இழுத்து அடக்கினால் கழுத்தும் தோளும் இறுகும். அப்புறம் வார்த்தை எப்படி வரும்? திக்கும்போது மூச்சு தடுமாறுவது நிஜம். ஆனால், மூச்சுக் கோளாறால் திக்குவாய் வருவதில்லை. பரம்பரையும், பேச்சை நடத்தும் மூளைப் பகுதிகள் வேலை செய்யும் விதமும்தான் முக்கியக் காரணங்கள். வசம்பை உரசித் தடவுவது, நாக்கடியில் வெட்டிவிடுவது... இதெல்லாம் பிள்ளைக்கு வேதனைதான், திக்கல் போகாது.

அப்படியானால் மூச்சுப் பயிற்சியே வேண்டாமா? குரலுக்கு அது அவசியம் வேண்டும். வீரசோழன் வாரச்சந்தையில் தொண்டை கிழியக் கூவி விற்கிறவர்களுக்கு மதியத்துக்குள் குரல் கரகரத்துவிடும். அந்தப் பக்கத்து வெயிலும் புழுதியும் வேறு! வயிற்றில் கை வைத்துக்கொண்டு, இழுக்கும்போது வயிறு எழும்ப மூக்கால் இழுங்கள். 'ஸ்ஸ்' என்று நிதானமாக விடுங்கள். அந்தக் காற்றின் பலத்தில் பேசிப் பழகினால் தொண்டைக்குப் பாரம் குறையும். வாத்தியார்களுக்கும் இதுவேதான். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். மூன்று வாரமாகியும் கரகரப்பு போகாவிட்டால் பயிற்சியை ஓரமாக வைத்துவிட்டு, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் கட்டாயம் காட்ட வேண்டும்.

திக்குவாய்க்கு மூச்சு ஒரு துணை மட்டுமே. பின்னாளில் இங்கிலாந்து மன்னரான ஆறாம் ஜார்ஜ், 1926-இல் லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியரிடம் போய் மூச்சுப் பயிற்சி கற்றார். 1939-இல் போர் அறிவித்த அன்று வானொலியில் பேசியபோதும் நிறுத்தி நிறுத்தித்தான் பேசினார்! திக்கல் அடியோடு போய்விடவில்லை. லோக் பக்கத்திலேயே நின்றிருந்தார். அந்தத் தெம்பை நம் பிள்ளைகளுக்கு யார் தருகிறோம்?

சிறு பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத் திக்கல் வரும். முக்கால்வாசிப் பேருக்குத் தானாகவே போய்விடும். ஆறு மாதம் தாண்டியும் நீடித்தாலோ, பிள்ளை பேசவே கூச்சப்பட்டாலோ பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் அழைத்துப் போங்கள். முதல் எழுத்தை அழுத்தாமல் மென்மையாகத் தொடங்க அவர் பழக்குவார். வீரசோழனிலிருந்து மதுரைக்குப் போய்வந்தால் ஒரு நாள் பிழைப்பு போச்சு, வாரா வாரம் முடியாதுதான். அதனால் முதல் தடவையே வீட்டில் தினமும் என்னென்ன செய்ய வேண்டும் என்று அவரிடம் கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.