வீட்டில் தமிழ் பேசினால் போதுமா?

தில்லியிலும் புணேயிலும் ஹைதராபாத்திலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. நான் அறிந்தவரை பெரும்பாலோர் நம்மைப் போன்ற கல்வித்துறையினர். இரவு உணவுக்குப் பின் குடும்பமே அமர்ந்து ஒரு நூலை வாய்விட்டு வாசிக்கிறது. போற்றத்தக்க வழக்கம்தான். ஆனால் அந்த நூல் ஏறத்தாழ எப்போதும் ஆங்கில நூலாகவே இருக்கிறது. தமிழ் என்னவாயிற்று என்று கேட்டால், ‘வீட்டில் தமிழ்தானே பேசுகிறோம், அது தானாக வந்துவிடும்’ என்கிறார்கள். மொழியியல் பயின்றவர்களும் இதையே சொல்வதுதான் வியப்பு.

தானாக வராது. தமிழ் இரட்டை வழக்கு மொழி என்று முதுகலை முதலாண்டில் படித்துத் தேர்வெழுதிய செய்தி, சொந்தப் பிள்ளை என்று வரும்போது மட்டும் மறந்துவிடுகிறது. எழுத்துத் தமிழ் எவருக்கும் வீட்டுப் பேச்சாக வாய்ப்பதில்லை. ‘பறவைகள் வந்தன’ என்ற எளிய தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சில் அது ‘பறவைங்க வந்துச்சு’. அந்த ‘வந்தன’வுக்கு அங்கே இடமே இல்லை. ‘மரம்’ என்பதன் இறுதி மகரம் பேச்சில் மூக்கொலி கலந்த உயிராகக் கரைந்துபோகிறது. ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பது ‘வந்துக்கிட்டிருக்காங்க’ ஆகிறது. ஐந்து வயதுப் பிள்ளை வாய் ஓயாமல் தமிழ் பேசலாம். ஆயினும் கதைப்புத்தகத்தின் முதற்பக்கம் அதற்குப் பாதி அந்நியம்.

வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் கேட்டுப் புரியும் திறனும் சேர்ந்த பெருக்கற்பலன் என்று காஃபும் டன்மரும் 1986இல் முன்வைத்தனர். பெருக்கல் என்பதுதான் இங்கே முக்கியம்: ஒன்று சுழியானால் விடையும் சுழி. நம் பெற்றோரோ 247 எழுத்துகளின் அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து முதல் திறனோடு மட்டும் மல்லுக்கட்டுகிறார்கள். எழுத்து வழக்கைக் காதால் கேட்டுப் புரியும் திறன் பின் எங்கிருந்து வரும்? தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு ஆசிரியர் பாடம் வாசிக்கிறார்; செய்தி வாசிப்பும் மேடைப்பேச்சும் காதில் விழுந்தவண்ணம் இருக்கின்றன. தில்லி அடுக்ககத்தில் இவை எவையும் இல்லை. பள்ளியையும் நாமே விலக்கிவிட்டோம். எஞ்சியிருந்தது பெற்றோரின் குரல் ஒன்றுதான். அதையும் ஆங்கிலத்துக்குத் தாரைவார்த்தாயிற்று.

தமிழ் நூலை வாசிப்போரிலும் ஒரு சாரார் ‘அரசன் காட்டிற்குச் சென்றான்’ என்று அச்சில் இருப்பதை ‘ராஜா காட்டுக்குப் போனாரு’ என்று மாற்றிச் சொல்கிறார்கள். கதை சொல்லலாக இது இனிமையானது, வாசிப்பாகாது. பிள்ளையின் விரல் ஓடும் வரி ஒன்று, காதில் விழுவது வேறொன்று. அச்சில் உள்ளதை உள்ளபடியே வாசியுங்கள். பின்னர் அதைப் பற்றி வீட்டுப் பேச்சில் ஆசைதீர அரட்டையடியுங்கள். ‘சென்றான்னா என்னப்பா?’ என்று பிள்ளை கேட்கும் இடத்தில்தான் இரு வழக்குகளும் ஒன்றையொன்று தொடுகின்றன.

எழுத்து வழக்கு மேல்தட்டு அதிகாரத்தின் குரல், அதைப் பிள்ளைமீது ஏன் சுமத்த வேண்டும் என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. வழக்குகளுக்கிடையே ஏற்றத்தாழ்வு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் திராவிட இயக்க மேடைகளில் செந்தமிழ் எவ்வாறு வெகுமக்கள் அரசியலின் குரலாயிற்று என்பதை பெர்னார்ட் பேட் 2009இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார். படிப்பகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஒருவர் நாளிதழை உரக்க வாசிக்க, எழுத்தறியாதோர் சூழ்ந்திருந்து கேட்டனர். அவர்களிடம் சென்று ‘இந்த மொழி உங்களுக்குச் செயற்கையானது’ என்று சொல்லும் துணிவு நமக்கு உண்டா? பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் வாராமற்போனால் அங்கே எந்த அதிகாரமும் குலைவதில்லை. அதனிடத்தில் ஆங்கிலம் அமர்ந்துகொள்கிறது, அவ்வளவே.

நூல் கிடைப்பதில்லை என்ற சாக்கும் செல்லாது. நேஷனல் புக் டிரஸ்ட் சிறார் நூல்களைத் தமிழிலும் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் 2015 முதல் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. ஊரார் பிள்ளைகளுக்காக அந்த விதியை மேற்கோள் காட்டி நாம் அறிக்கைகளில் கையெழுத்திடுகிறோம். அடுத்த அறிக்கை சுற்றுக்கு வரும்போது, நேற்றிரவு உங்கள் வீட்டில் எந்த நூல் வாசிக்கப்பட்டது என்பதையும் கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.