"ஒரு அவார்டு வாங்கிட்டு வா" (சின்ன இழை)

1/ நேத்து நைட் டியூட்டி முடிச்சுட்டு தி.நகர் சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தி பையன் ஐடி வேலையை விட்டுட்டு வீடியோ கேம் பண்ணப் போறானாம். சித்தப்பா என்கிட்ட, "நீயே சொல்லுப்பா, முதல்ல ஒரு அவார்டாவது வாங்கிக் காட்டட்டும், அப்புறம் வேலையை விடட்டும்"னார். நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன். அது தப்பு. ஏன்னு சொல்றேன்.

2/ 'வெண்பா'ன்னு ஒரு கேம். டொரண்டோவுல இருக்கற விசை கேம்ஸ் பண்ணினது, 2023 ஜூலைல வந்தது. 1980கள்ல கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ் அம்மாதான் நாயகி. துப்பாக்கி இல்ல, சண்டை இல்ல. அவங்க அம்மா கொடுத்த சமையல் புத்தகம் கிழிஞ்சு கறைபட்டுக் கிடக்கு. அழிஞ்சுபோன வரிகளை ஊகிச்சு நாம சமைக்கணும்.

3/ முதல் சமையல் இட்லி. தட்டுகளைக் குழிக்கு மேல குழி வராம மாத்தி அடுக்கணும். ரங்கநாதன் தெருவுல இட்லிப் பாத்திரம் வாங்கின எல்லா அம்மாவுக்கும் தெரிஞ்ச விஷயம். அதை ஒரு புதிரா மாத்தியிருக்காங்க. நடுவர்களை மனசுல வச்சுக்கிட்டு யாரும் இட்லித் தட்டுல ஆரம்பிக்க மாட்டாங்க.

4/ ஆனா அவார்டு வந்தது. 2024 மார்ச்ல சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவோட பெரும் பரிசு. ஏப்ரல்ல சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா. ஒண்ணு ஒத்துக்கணும்: நான் இதை விளையாடினதே பாஃப்டா செய்தியைப் பார்த்துத்தான். ஓபி எந்தப் பக்கம்னு காட்டற போர்டு மாதிரிதான் அவார்டு. வழி காட்டும், வைத்தியம் பார்க்காது.

5/ அதே பாஃப்டா மேடைல அனிமேஷன் விருது வாங்கினது 'ஹை-ஃபை ரஷ்'. ஜப்பான்ல டாங்கோ கேம்வொர்க்ஸ் பண்ணினது. சரியா 26 நாள்ல, அந்த ஸ்டூடியோவையே மூடறதா மைக்ரோசாஃப்ட் அறிவிச்சுது. ஆகஸ்ட்ல கிராஃப்டன்ங்கற கொரியக் கம்பெனி எடுத்துக்கிட்டது தனிக்கதை. அலமாரில இருந்த விருது யார் வேலையையும் காப்பாத்தல.

6/ அப்போ ஆர்வம் மட்டும் இருந்தா போதுமா? அதையும் சொல்ல மாட்டேன். ஸ்டைபண்டை ஏத்தச் சொன்னா, டியூட்டி நேரத்தைக் குறைக்கச் சொன்னா, "இது சேவை டாக்டர்"னு பதில் வரும். எங்களுக்குப் பழகின டயலாக். கேம் துறைல அதே வார்த்தைக்குப் பேரு 'பேஷன்'. ராப்பகலா வேலை வாங்கறதுக்கு 'கிரஞ்ச்'னு தனிப் பேரே வச்சிருக்காங்க. ஆர்வம் இருக்கறவனைச் சுரண்டறதுதான் சுலபம்.

7/ அதனால சித்தப்பா கேட்டது தப்பான கேள்வி. கிடைக்கறதும் கிடைக்காததும் நம்ம கையில இல்லாத ஒண்ணை எப்படி நிபந்தனையா வைக்கறது? கேட்க வேண்டியது மூணு. எத்தனை மாசத்துக்குக் கையில காசு இருக்கு? முடிக்கக்கூடிய அளவுல சின்னதா யோசிச்சிருக்கியா? யாருக்காகப் பண்ற?

8/ மூணாவதுதான் முக்கியம். வெண்பா ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடற கேம். அதுல பையன் கவின் வளர்ந்தப்புறம் அம்மா எழுதின தமிழைத் தட்டுத் தடுமாறி வாசிச்சு சமைப்பான். அங்க கன்ட்ரோலரைக் கீழ வச்சுட்டேன். டிரிப் ஏறிட்டிருக்கும்போதே, வெளிநாட்டுல இருக்கற பையன்கிட்ட வீடியோ கால்ல "சாப்பிட்டியாப்பா"ன்னு கேட்கற அம்மாக்களை வார்டுல பார்க்கறவன் நான். அவங்களுக்காக யாரோ உட்கார்ந்து பண்ணின மாதிரி இருந்தது.

9/ இன்னிக்கு சாயங்காலம் மறுபடி தி.நகர். தலையாட்டினதை சித்தப்பாகிட்ட வாபஸ் வாங்கிட்டு, தம்பிகிட்ட அந்த மூணு கேள்வியையும் கேட்கப் போறேன். மூணுக்கும் பதில் இருந்தா நான் அவன் பக்கம்.

நீங்களும் ஒண்ணு பண்ணுங்க மக்களே. இந்த மாதிரி சின்ன டீம் கேமை கிராக் பண்ணாம காசு கொடுத்து வாங்குங்க. அடுத்த கேமுக்கு அவங்க சம்பளம் அதுலேர்ந்துதான் வரணும்.