மஞ்சள் சுவர் மட்டும்தான் பாரம்பரியமா?

பாண்டிச்சேரியில 'ஹெரிடேஜ்'னு சொன்னாலே மஞ்சள் சுவரும் காகிதப்பூ கொடியும்தான் ஞாபகம் வருது. 2014 நவம்பர் மழையில இடிஞ்சு விழுந்த மேரி கட்டடத்தை மறுபடி கட்டி 2021-ல திறந்தாங்க. நல்ல விஷயம்தான். ஆனா நெல்லைக் காத்த கட்டடங்களை யார் கண்டுக்கிறாங்க?

பாபநாசம் பக்கத்துல திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயில்ல ஒரு செங்கல் நெற்களஞ்சியம் இருக்கு. தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தது (1600–1634). 3,000 கலம் கொள்ளும்னு சொல்றாங்க. ஒரு கலம்னா 12 மரக்கால். பாட்னாவுல இருக்கிற கோல்கர் களஞ்சியம் பலருக்குத் தெரியும். அதைக் கட்டி முடிச்சது 1786-ல. நம்ம களஞ்சியம் அதுக்கும் 150 வருஷம் மூத்தது!

ஏன் வட்டமா கட்டினாங்க? தண்ணித் தொட்டியில ஆழம் கூடக்கூட அழுத்தமும் கூடிக்கிட்டே போகும். நெல் அப்படி இல்ல. மணிகள் சுவரோட உரசுறதால எடையில ஒரு பங்கைச் சுவரே தாங்கிடும். ஓர் ஆழத்துக்கு மேல அழுத்தம் பெருசா ஏறாது. 1895-ல யான்சன்ங்கிற ஜெர்மன் பொறியாளர் இதைச் சமன்பாடா எழுதினார். பக்கவாட்டுல தள்ளுற விசையும் வட்டச் சுவர்ல சமமா பரவும். சதுரமா இருந்தா சுவரோட நடுப்பகுதி பிதுங்கப் பார்க்கும். சமன்பாடு வர்றதுக்கு 260 வருஷம் முன்னாடியே நம்ம கொத்தனார்கள் அனுபவத்துல கட்டிட்டாங்க.

இப்போ பிரச்சினைக்கு வருவோம். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளிய விடும். அதுமேல சிமென்ட் பூசினா ஈரம் உள்ளேயே மாட்டிக்கும். உப்பு பூத்து செங்கல் உதிரும். கடல்காத்து அடிக்கிற எங்க குருசுக்குப்பத்துப் பழைய வீடுகள்லயே இதைப் பார்க்கலாம். நாலு வருஷ சிவில் படிப்புல கான்கிரீட் க்யூப் எத்தனை உடைச்சிருப்போம்? சுண்ணாம்புச் சாந்து ஒரு தடவையாவது கலக்கியிருக்கோமா?

"பழசைப் படிச்சா வேலை கிடைக்குமா?"ன்னு கேப்பீங்க. பழைய கட்டடம் நிறைஞ்ச ஊர்ல, அதைக் கெடுக்காம பழுது பார்க்கத் தெரிஞ்சவங்களுக்கு வேலை இல்லாம போகாது. அதோட, இன்னிக்கும் டெல்டாவுல கொள்முதல் நிலையத்து வாசல்ல நெல்லு மழையில நனையுது. சேமிப்புங்கிறது பழங்கதை இல்ல.

ஜூனியர்களே, அடுத்த வருஷ ப்ராஜெக்டுக்கு ஒரு டீமாவது ஒரு களஞ்சியத்தை அளந்து வரைபடம் போடுங்க. கோயில் களஞ்சியத்துக்கு அனுமதி கிடைக்கலன்னா, உங்க தாத்தா வீட்டுக் குதிரோ பத்தாயமோ போதும். இடிஞ்சதுக்கப்புறம் அளக்க முடியாது.